செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி

கேள்வியைக் கேட்டவள் என் அக்காள். அவள் வேதாந்தம் படித்தவள் அல்ல; திருவொற்றியூரில் இரண்டு அறை வீட்டில் குடித்தனம் செய்து, பிள்ளையை இன்ஜினீயராக்கி, செவ்வாய்க்கிழமைதோறும் அர்மீனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறவள். கேட்ட இடமும் ஒன்றும் பிரமாதமான இடமல்ல. அவள் வீட்டு வாசற்படிதான்.

"தம்பி, நான் ஏத்துன மெழுகுவத்திக்கும் அந்தப் பதினோரு பேருக்கும் சம்பந்தம் உண்டாடா?"

நான் கதை எழுதுகிறவன். கேள்வியைப் பிறர் வாயில் வைத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்வது எங்கள் தொழில். அன்றும் அப்படித்தான் செய்தேன். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பைத்தியம் மாதிரிப் பேசாதே" என்று அதட்டினேன். அவள் அதட்டலுக்கு அடங்குகிறவள், பேசாமல் இருந்துவிட்டாள். நான்தான் அன்று முதல் அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

விஷயம் இதுதான். 2025 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை. அகமதாபாத்தில் ஐ.பி.எல். இறுதி ஆட்டம், பெங்களூருக்கும் பஞ்சாபுக்கும். அக்காள் மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலையாக இருக்கிறான். போன ஊர்த் தண்ணீர் உடம்பில் ஊறிவிட்டது போலும், பிறந்த ஊர் அணியைக் கைவிட்டு அந்த ஊர்க் கட்சியில் சேர்ந்துவிட்டான். (இதற்காக நான் அவனோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வருஷம் எங்கள் சென்னை அணி பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. அந்தக் கசப்பை யார்மேலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.) 2008-ல் இந்தப் போட்டி ஆரம்பமானதிலிருந்து பதினேழு தடவையும் கோப்பையைக் காணாத அணி பெங்களூர் அணி. பதினெட்டாவது தடவை இறுதி ஆட்டத்துக்கு வந்து நிற்கிறது. பையன் போனில் கெஞ்சினான்: "அம்மா, ஒரே ஒரு மெழுகுவத்தி. எனக்காக."

பிள்ளை கேட்டால் அக்காள் கடலில்கூட மெழுகுவத்தி ஏற்றுவாள். ஏற்றினாள். அன்றிரவு பெங்களூர் ஆறு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. "அந்தோணியார் கைவுடல" என்று எனக்குப் போன் செய்து சொன்னாள்.

மறுநாள் புதன்கிழமை மாலை, வெற்றி விழாவுக்காகச் சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் ஜனங்கள் திரண்டார்கள். அது 35,000 பேர் கொள்ளும் இடம். வந்தவர்கள் 2 லட்சத்துக்கு மேல் என்று பிறகு முதலமைச்சரே சொன்னார். இலவசமாக உள்ளே விடுவார்கள் என்று ஒரு சேதி, சீட்டு வேண்டும் என்று இன்னொரு சேதி. வாசலருகில் நெரிசல். பதினோரு பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள், பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியும் உண்டு. வெளியே சாவு நடந்துகொண்டிருந்த வேளையில் உள்ளே மைதானத்தில் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள். அதை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். திரையின் மேற்பாதியில் கோப்பை. கீழே ஓடும் எழுத்தில் எண்ணிக்கை.

அக்காள் மகன் அங்கேதான் போயிருந்தான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிறகு அடிப்பதும் நின்றுவிட்டது. அக்காள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நாங்கள் இருவரும் சுமார் மூன்று மணி நேரம் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று மணி நேரத்தில் நான் செய்த ஜெபத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜெபம் சின்னது: 'அவனாக இருக்கக் கூடாது.' எண்ணிக்கை ஏற ஏற இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். எண்ணிக்கை ஏறாமல் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஏறட்டும், அதில் அவன் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படியென்றால் வேறு யாரோ இருக்கட்டும். ஆண்டவனிடம் நான் கேட்டது இதைத்தான்: 'கதவைத் தட்ட வேண்டியிருந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்.' எட்டரை மணிக்குப் பையன் யாருடைய போனிலிருந்தோ பேசினான். ஒரு கால் செருப்பைக் காணோம், போனைக் காணோம், ஆள் சௌக்கியம். "ஸ்தோத்திரம்!" என்று உரக்கக் கத்தினேன். அடுத்த வீட்டில் அந்த நேரம் யார் கதவு தட்டப்பட்டது என்பது மறுநாள் பத்திரிகையில் படம் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முந்தின நாள் அக்காள் ஏற்றிய மெழுகுவத்தியும் இதே ஜாதி ஜெபந்தான். பெங்களூர் ஜெயிக்க வேண்டும் என்றால் பஞ்சாப் தோற்க வேண்டும். பஞ்சாப் அணியும் 2008 முதல் கோப்பையைப் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தில் எந்தத் தாய் எந்தக் குருத்வாராவில் என்ன வேண்டிக்கொண்டாளோ! விளையாட்டில் இது சர்வசாதாரணம், இதற்கெல்லாம் பாவ புண்ணியம் பார்க்கலாமா என்று வாசகர் கேட்கலாம். நானும் நாற்பது வயது வரைக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு விளையாட்டின்மேல் வெறுப்பு கிடையாது. வெறுப்பிருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. நான் ராயபுரத்தில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். அவருக்கு முதல் காதல் குத்துச்சண்டை. எங்கள் பக்கத்தில் 'ரோசமான குத்துச்சண்டை' என்று அதற்குப் பெயர். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று மோதிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 2021-ல் சினிமாவாக வந்து ஊர் உலகமெல்லாம் தெரிந்துகொண்டது. எங்களுக்கு அது சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட கதை. அப்பா குத்து விடுகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டார். கால் எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பார். "காலு சொல்லும்டா, கை சொல்லாது" என்பார். மேடைக்குக் கீழே நடந்த சண்டை மேடைமேல் நடந்த சண்டையைவிடப் பெரிதாகிவிட்ட பிறகு போவதை நிறுத்திவிட்டார். அப்புறம் கிரிக்கெட்.

1996 மார்ச் 13 ஞாபகம் இருக்கிறது. உலகக் கோப்பை அரை இறுதி, கல்கத்தா, இந்தியாவுக்கும் இலங்கைக்கும். எட்டு விக்கெட்டுக்கு 120 ரன் என்று நம்மவர்கள் சரிந்து விழுந்தபோது ஈடன் கார்டன் கூட்டம் பாட்டில்களை வீசியது. இருக்கைகளில் நெருப்பு வைத்தது. ஆட்டத்தை அங்கேயே முடித்து, இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே போனார். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் கலர் டிவி. அத்தனை பேரும் அங்கே கூடியிருந்தோம். அப்பா எழுந்து, "நெருப்பு வெச்சவன் ஆட்டம் பாக்க வந்தவன் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நானும் மனசுக்குள் நெருப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு, 1999 ஜனவரி 31. ஞாயிற்றுக்கிழமை. பிளஸ் டூவோடு படிப்பை மூட்டை கட்டிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பருவம். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட், நான்காம் நாள். அப்பா எப்படியோ இரண்டு சீட்டு வாங்கி வந்திருந்தார். காலைப் பூசைக்குப் போகவில்லை. அம்மா வாசலில் நின்று திட்டியது இன்னும் காதில் இருக்கிறது: "ஆண்டவர் நாளை ஆட்டத்துக்கு வித்துட்டீங்களா ரெண்டு பேரும்?" ராயபுரத்தில் ரயிலேறி, பீச்சில் இறங்கி, பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் போய்ச் சேரும் வரை எனக்குள் ஒரு உறுத்தல்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 271 ரன் எடுத்தால் ஜெயம். டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்று 136 எடுத்தார். அவர் அவுட்டானபோது மிச்சம் 17 ரன், கையில் மூன்று விக்கெட். நாலு ரன்னுக்குள் மூன்றும் போயின. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு. முதலில் ஒரு நிசப்தம். பக்கத்தில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எங்கேயோ ஒரு மூலையில் கைதட்டல் கேட்டது. அது வட்டமாக நகர்ந்து வந்தது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாசிம் அக்ரம் தலைமையில் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். கைதட்டல் ஓயவில்லை. துண்டால் முகத்தை மூடியிருந்த பெரியவரும் எழுந்து நின்று தட்டினார், அழுதுகொண்டே தட்டினார். தோல்வி அவருடையது, அதை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடவில்லை அவர். தன் மடியில் வைத்துக்கொண்டே அடுத்தவன் சந்தோஷத்துக்குக் கை தட்டினார். பூசைக்குப் போகாத அந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் பார்த்தது போன்ற ஒன்றை அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் பார்க்கவில்லை; கோயில்களிலும் அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

திரும்பும்போது அப்பா பீச் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுப் பக்கம் ரயில் மாறாமல், நேரே அர்மீனியன் தெருக் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போனார். சாயங்காலப் பூசை நடந்துகொண்டிருந்தது. முழங்காலில் நின்றபோது என் விலாவில் இடித்து, "டெண்டுல்கருக்கு முதுகு வலி சரியாப் போவணும்னு வேண்டிக்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன்: ஒருவன் முதுகு வலி நீங்குவதால் இன்னொருவன் முதுகு வலிக்க வேண்டியதில்லை. அந்த மாதிரி ஒரு வேண்டுதல் ஆட்டத்துக்குள்ளேயும் இருக்கத்தான் செய்தது. அப்பா அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

பிறகு போட்டிகள் பெருகின. வருஷத்துக்கு இரண்டு மாதம் ஐ.பி.எல்.; இடையில் உலகக் கோப்பைகள். அணிகள் ஏலத்தில் ஆள் எடுத்தன. சூதாட்ட விவகாரத்தில் சிக்கிச் சென்னை அணி 2016, 2017 இரண்டு வருஷமும் போட்டியிலேயே இல்லை. 2018-ல் திரும்பி வந்தபோது நாங்கள் அதைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது இங்கிருந்து தனி ரயிலில் ஏறிப் போய்ப் பார்த்தோம். நானே போயிருப்பேன், சீட்டுக் கிடைக்கவில்லை. கைபேசியில் சொந்தமாக அணி கட்டிப் பணம் வைத்து ஆடும் ஏற்பாடும் வந்தது. என் சித்தப்பா மகன் எண்ணூரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் போக லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் அணி கட்டினான். மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அவன் போகும் ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பச் சீட்டு எழுதிப் போடுவார்கள். 'பண நெருக்கடி நீங்க' என்று எழுதிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பந்துவீச்சாளரை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அவனே என்னிடம் சொல்லிச் சிரித்தான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. சங்கிலி இன்னும் மீளவில்லை.

2023-ஐ நான் மறக்க மாட்டேன். அக்டோபர் 14-ல் அகமதாபாத்தில் அவுட்டாகித் திரும்பிய பாகிஸ்தான் வீரர் ஒருவரைப் பார்த்துக் கூட்டம் கடவுளின் பெயரைச் சொல்லிக் கத்தியது. துதியாக அல்ல, கல்லாக. வேறு மதத்துக் கடவுளின் பெயராயிற்றே, உனக்கென்ன என்று கேட்காதீர்கள். எந்தக் கடவுளின் பெயரையும் கல்லாக்கலாம். எங்கள் ஆட்களும் சரித்திரத்தில் அதைச் செய்து பழகியவர்கள்தாம். நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, அதே ஊரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எங்கள் பங்கில் சாயங்காலப் பூசைக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வந்தவர்களிலும் பாதிப் பேர் மடியில் போனை வைத்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். நற்கருணை எழுந்தேற்றம் செய்யும்போது ஒரு ஆஸ்திரேலியன் பவுண்டரி அடித்தான், 'சே!' என்று என் வாய் முணுமுணுத்தது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அன்றைக்குத் தோற்றோம். லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் மைதானம் கப்சிப் என்று அடங்கிற்று. சேப்பாக்கத்து நிசப்தத்துக்குப் பிறகு வந்த கைதட்டல் இந்த நிசப்தத்துக்குப் பிறகு வரவில்லை. ஜெயித்த ஆட்டக்காரர் ஒருவருடைய மனைவியையும் குழந்தையையும் நம்மவர்கள் இணையத்தில் ஏசிய ஏச்சுத்தான் வந்தது.

அதற்கு அடுத்த மாதம் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? டிசம்பர் 4-ஐ ஒட்டி மிக்ஜாம் புயல் வெள்ளம். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமெல்லாம் கறுத்துப்போயிற்று. மீன்பிடிக்கும் ஜனங்கள் படகில் போய்ப் பக்கெட்டாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நவம்பரில் தோல்விக்காகச் சாப்பிடாமல் படுத்த என் தெரு டிசம்பரில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தது. நானும் சாப்பிட்டேன். எண்ணூர் எங்களிடமிருந்து பஸ்ஸில் அரைமணி தூரம். அகமதாபாத் இரண்டு நாள் ரயில் பயணம். மனசு எந்தக் கணக்கில் தூரத்தை அளக்கிறதோ!

இதையெல்லாம் முன்னமே யோசித்தவர்கள் எங்கள் சபையில் இருந்திருக்கிறார்கள். கார்த்தேஜ் நகரத்தில் 200-ஆம் ஆண்டு வாக்கில் தெர்த்துல்லியன் என்று ஒரு வேதசாஸ்திரி. கிறிஸ்தவன் எவனும் ரோமாபுரி வேடிக்கைகளுக்குப் போகக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார். குதிரைப் பந்தயம், மல்யுத்தம், கூத்து எதையும் விடவில்லை. படித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு அதிசயம். இதைவிடப் பெரிய வேடிக்கை நமக்கு வைத்திருக்கிறது, தீர்ப்பு நாளில் நம்மைத் துன்புறுத்தியவர்கள் நெருப்பில் வேகுவதை உட்கார்ந்து பார்ப்போம் என்று குதூகலிக்கிறார்! மைதானத்தை விட்டு வந்தார் மனுஷர். மைதானம் அவரை விட்டு வரவில்லை. அடுத்தவன் தோற்பதைப் பார்க்கும் ருசியைப் பரலோகம் வரைக்கும் கையோடு எடுத்துப் போகிறார்.

அர்ச். அகுஸ்தீனார் தம் நண்பர் அலீப்பியுஸைப் பற்றிச் சொல்கிற கதை இன்னும் கூர்மையானது. வாள்சண்டை வேடிக்கைக்கு நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். திடீரென்று கூட்டம் ஓவென்று அலறிற்று. காதை மூட மறந்துவிட்டார். கண்ணைத் திறந்தார், ரத்தத்தைப் பார்த்தார், பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை. வந்தபோது இருந்த ஆள் அப்புறம் அங்கே இல்லை, கூட்டத்தில் ஒருவன்தான் இருந்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பவுண்டரியும் என் 'சே!'யும் ஞாபகம் வரும்.

எங்கள் நீலகிரியோடு சம்பந்தப்பட்ட ஒருவர் உண்டு. சி. டி. ஸ்டட் என்கிற வெள்ளைக்காரர். 1882-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆட்டம்தான் 'ஆஷஸ்' என்ற பெயருக்கே காரணம். 85 ரன் எடுத்தால் ஜெயம் என்ற நிலையில் இங்கிலாந்து 77-க்குச் சுருண்டு ஏழு ரன்னில் தோற்றது. கடைசி ஆள் அவுட்டானபோது எதிர் முனையில் மட்டையோடு நின்றுகொண்டிருந்தவர் ஸ்டட். ஒரு பந்துகூட ஆடக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் அண்ணன் சாகக் கிடந்தார். அந்தப் படுக்கை அருகில் உட்கார்ந்தபோது கிரிக்கெட் புகழின் எடை என்ன என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் பிழைத்துக்கொண்டார், ஆனால் கேள்வி போகவில்லை. 1885-ல் சீனாவுக்கு ஊழியத்துக்குப் போனார். தகப்பன் சொத்தைத் தர்மம் செய்துவிட்டார். 1900 முதல் 1906 வரை ஊட்டியில் யூனியன் சர்ச் போதகர். இதைப் படித்தபோது முதலில் எனக்கு மெய்சிலிர்த்தது. அப்புறம் ஒரு சந்தேகமும் வந்தது. ஸ்டட்டுக்கு வசதி உண்டு, பெரிய ஆட்டக்காரர். உதறித் தள்ளுவதற்கு அவரிடம் ஒரு கிரீடம் இருந்தது. என்னைப் போல வேடிக்கை பார்க்கிறவன் எதை உதறுவது? ரிமோட்டையா?

எனக்கு நெருங்கினவர் எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று தெரிந்து, ஓட மாட்டேன் என்றார். நானூறு மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். இது எல்லாருக்கும் தெரிந்த பாதி. தெரியாத பாதி இது: சீனாவில் ஊழியம் செய்துகொண்டிருந்தவரை 1943-ல் ஜப்பானியர் பிடித்து வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே அடைபட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடாது என்றார். பிள்ளைகள் கேட்கவில்லை; தாங்களாகவே ஆடினார்கள்; நடுவர் இல்லாமல் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் தாமே வந்து நடுவராக நின்றார். தங்கப் பதக்கத்துக்காக மீறாத ஞாயிற்றுக்கிழமையைச் சண்டை போடும் பிள்ளைகளுக்காக மீறினார்! 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே, மூளையில் கட்டி வந்து இறந்துபோனார். நடுவராக நிற்கிறவனுக்கு யாரும் தோற்க வேண்டியதில்லை. அப்பா இருந்திருந்தால் இந்த ஆளை அவருக்குப் பிடித்திருக்கும்.

இவ்வளவையும் ஒருநாள் அக்காளிடம் சொன்னேன். மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "அப்பிடிப் பாத்தா வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கு மட்டும் நாம போவலியா? அங்க நெரிசல் இல்லியா? தேர்ல கைய வெக்க நீ எத்தினி பேரை இடிச்சுத் தள்ளின?" என்றாள்.

அது வாஸ்தவம். திருவிழாக் கூட்டத்துக்கும் வெற்றி விழாக் கூட்டத்துக்கும் வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேரில் யாரும் தோற்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "வரிப் பணத்துல யார் பேரு முதல்ல போடறதுன்னு உங்கப் பக்கத்துல வருஷா வருஷம் சண்டை வருதே, அதுல?" என்றாள். குருத்தோலை ஞாயிறன்று ஆரவாரம் செய்த ஜனங்கள் வெள்ளிக்கிழமை வேறு ஆரவாரம் செய்ததையும் நான்தான் அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். என் கட்சிக்குப் பலம் சேரும் என்று. அது அவள் கட்சிக்கே போய்ச் சேர்ந்தது. எங்கள் ராயபுரம் என்ற பெயரே ராயப்பரின் பெயர். கூட்டத்துக்குப் பயந்து நெருப்பருகில் குளிர்காய்ந்துகொண்டே 'அந்த ஆளை எனக்குத் தெரியாது' என்று மூன்று தடவை சொன்னவர்தாம் எங்களுக்குப் பாதுகாவலர். கூட்டத்தில் ஆளை இழப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

ஆட்டத்தை விட்டுவிட்டேனா என்று கேட்பவர்களுக்கு: விடவில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் எங்கள் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கப் பதக்கம் வாங்கினாள். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். அந்தச் சேதியைப் படித்துவிட்டுத் தெருமுனை கேரம் பலகையில் மாவு தூவிக்கொண்டிருந்த பையன்களோடு அரைமணி நின்றேன். ஒருவன் சிவப்புக் காயைப் போட்டான். தோற்றவன் பலகையைத் தட்டிச் சிரித்தான். அப்படி நிற்க இன்னும் பிடிக்கிறது. இரவு ஆட்டங்களின்போது மட்டும் டிவியைப் போட்டதும் ஒரு செருப்பு ஞாபகம் வருகிறது. நெரிசல் அடங்கிய பிறகு சின்னசாமி மைதானத்து வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளின் படம். அதில் ஒன்று எங்கள் பையனுடையது. மற்றவை யாருடையவை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் ஓவர் முடிந்திருக்கும்.

அக்காள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மெழுகுவத்தி பதினோரு பேரைக் கொல்லவில்லை. வாசலைச் சரியாகத் திறக்காதவர்களும் கூட்டத்தைக் கணக்கிடாதவர்களும் கொண்டாட்டத்துக்கு அவசரப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அக்காள் கேட்டது கோர்ட்டுக் கேள்வி அல்ல. 'செவ்வாய்க்கிழமை நான் கேட்டதை அவர் கொடுத்தார் என்றால், புதன்கிழமை யார் கேட்டதைக் கொடுக்கவில்லை?' என்பது அவள் கேள்வி. அதற்கு நான் மட்டுமென்ன, சாமியார்களும் மழுப்பத்தான் செய்வார்கள்.

அடுத்த செவ்வாய், ஜூன் 10. அந்தோணியார் திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. கோயிலில் கூட்டமான கூட்டம். அக்காளோடு நானும் போயிருந்தேன். அவள் வாசல் கடையில் ஒரு மெழுகுவத்தி வாங்கினாள். கெபிக்கு முன்னால் ஏற்றி நட்டுவிட்டு வெகுநேரம் நின்றாள். வழக்கமாக அவள் உதடு அசையும், அன்று அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். ஒரு கிழவிக்கு இடம் விட்டு ஒதுங்கி வந்தாள்.

பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாகக் கேட்டேன்: "இன்னா வேண்டிக்கிட்ட?"

"அது இன்னாத்துக்கு உனக்கு?" என்றாள் அக்காள். "திருவொத்தியூர் வண்டி வருதா பாரு."